ஜப்பான் இனிப்பு எல்லாமே ஒரே பயறு உருண்டைதானா?

ஜனவரி 4 (கேள்வி)

பத்து நாள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் ‘எங்கள் ஊர்ப் பலகாரம்’ என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டி அத்தனை அழகு. பிரித்தால் உள்ளே அதே அரிசி மாவு, அதே சிவப்புப் பயறு, அதே சர்க்கரை. ஒன்பது பெட்டி வாங்கி ஏமாந்த பிறகு கேட்கிறேன்: அங்கே ஊர்ப் பலகாரம் என்று உண்மையிலேயே ஒன்று உண்டா, இல்லை உறையில் மட்டும்தான் ஊர் மாறுகிறதா? சாப்பாட்டிலும் எனக்கு இதே சந்தேகம். அங்கேயே குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு

நகோயாவில் பதினொரு வருடம் ஆகிறது. நீங்கள் சொல்வது முக்கால்வாசி சரி. அசுகி என்கிற அந்தச் சிவப்புப் பயறை வேகவைத்து, சர்க்கரை போட்டுக் கிளறினால் அங்கோ. தோலோடு விட்டால் ட்சுபுஅன், தோலை வடித்து மைபோல ஆக்கினால் கோஷிஅன். இந்தப் பூரணத்தை எதற்குள் வைப்பது, எதன் மேல் அப்புவது என்பதில்தான் பாதிக் கடைகள் பிழைக்கின்றன. இசே கோயிலுக்குப் போகிறவர்கள் வாங்கிவரும் அகாஃபுகு என்கிற பலகாரம் 1707இலிருந்து இருக்கிறது. அதில் பூரணம் மோச்சிக்கு (பசையரிசியை வேகவைத்து இடித்த மாவுக்கு) வெளியே, மேல்பக்கம். அதில் இழுத்த கோடுகள் இசுசு ஆற்றின் ஓட்டமாம்.

மீதிக் கால்வாசி நாளைக்கு. காலையில் வேலை.

ஜனவரி 5

புத்தாண்டு அன்று காலையில் ஜப்பானில் அநேகமாக எல்லா ஊரிலும் ஜோனி சாப்பிடுவார்கள். (உச்சரிப்பு ஸோனி என்பதற்குத்தான் நெருக்கம். அப்படி எழுதினால் டிவி ஞாபகம் வருகிறது, விடுங்கள்.) மோச்சி போட்ட சூப். பொதுவானது அவ்வளவுதான்.

நான் வந்த முதல் வருடம் பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர். ஷிகோக்கு தீவில் ககாவா பக்கம் பிறந்து, கல்யாணமாகி நகோயா வந்தவர். கறுப்பு அரக்குக் கிண்ணத்தில் வெண்ணெய் நிறத்தில் வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப். வட்டவட்டமாக முள்ளங்கி, கேரட். நடுவில் ஒரு வெள்ளை உருண்டை, அதன் மேல் பச்சையாகக் கடல்பாசித் தூள். வெறும் மோச்சிதானே என்று கடித்தேன். உள்ளே பயற்றுப் பூரணம். கடித்த இடத்திலிருந்து அது கசிந்து, வெள்ளைச் சூப்பில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடியது. யாரோ மோதகத்தைச் சாம்பாரில் போட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “முதல் தடவை எல்லாரும் இப்படித்தான் முழிப்பார்கள். என் வீட்டுக்காரர் நாற்பது வருடமாக முழிக்கிறார்” என்றார்.

வீட்டுக்காரர் நகோயாக்காரர். அவர் ஊர் ஜோனி தெளிந்த சோயா சூப், சதுர மோச்சி, ஒரு கீரை, அவ்வளவுதான். அதனால் அந்த வீட்டில் ஜனவரி 1 அன்று அடுப்பில் இரண்டு பானை. என் மனைவி சைவம் என்று தெரிந்த வருடத்திலிருந்து மூன்று. ககாவாக்காரர்கள் காய்ந்த நெத்திலி போட்டுத்தான் சூப்புக்குச் சாறு எடுப்பார்கள். இவளுக்காகக் கொம்பு (கடல்பாசி, நம் கொம்பு இல்லை) போட்டுத் தனியாக எடுத்தார்.

ஜனவரி 6

“ஏன் சூப்பில் பூரணம்?” என்று கேட்டவருக்கு: ககாவாவும் பக்கத்து தொக்குஷிமாவும் வாசன்போன் என்கிற மெல்லிய சர்க்கரைக்குப் பேர்போன ஊர்கள். கரும்பை விளைவித்தவர்களுக்கே அந்தச் சர்க்கரை எட்டாத பொருள். வருடத்தில் ஒரு நாளாவது தின்போம் என்று மோச்சிக்குள் ஒளித்துவைத்துச் சூப்பில் போட்டார்கள் என்பது அந்த அம்மா சொன்ன கதை. ககாவாவில் பலரும் இதையேதான் சொல்கிறார்கள்.

மோச்சி விஷயத்தில் ஒரு சுருக்கமான விதி: மேற்கே உருண்டை, கிழக்கே சதுரம். எல்லைக்கோடு செக்கிகஹாரா பக்கம். ஆமாம், 1600இல் பெரிய போர் நடந்த அதே இடம்.

ஜனவரி 9

மேலே சொன்ன விதியை நம்பி யாரும் பந்தயம் கட்டாதீர்கள். கிழக்கே யமகத்தாவின் கடலோரத்தில் ஷோனாய் பகுதியில் உருண்டை மோச்சி. ஒசாகாவுக்கும் வடக்குக்கும் ஓடிய கித்தமாஎபுனே சரக்குக் கப்பல்கள் கொண்டுவந்த பழக்கம் என்கிறார்கள். தெற்கே ஷிகோக்குவின் கோச்சியில் சதுரம். 1601இல் அங்கே ஆள வந்த யமவுச்சி குடும்பம் கிழக்கே கக்கெகவாவிலிருந்து வந்தது, மோச்சியும் கூட வந்தது என்பது அங்குள்ள விளக்கம். ககோஷிமாவிலும் சதுரம். சுருக்கமான விதிக்கு இத்தனை விலக்கு.

இனிப்பு உப்பு எல்லையும் இப்படித்தான். தொத்தோரியிலும் ஷிமானேயின் இசுமோ பக்கமும் புத்தாண்டு ஜோனியே ஒரு பயற்றுப் பாயசம். நாராவில் சூப்பிலிருந்து மோச்சியை எடுத்து, இனிப்புச் சோயாப் பொடியில் புரட்டித் தின்கிறார்கள். வடக்கே இவாத்தேயின் கடலோரத்தில் அரைத்த இனிப்பு வால்நட்டில் தோய்க்கிறார்கள். பலகாரம் ஒரு தட்டிலும் சாப்பாடு ஒரு தட்டிலும் இருக்கும் என்று நினைத்துத்தான் கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 9, பிறகு

விட்டுப்போனது: யமனஷியின் ஹோத்தோ. தட்டையான கோதுமைப் பட்டைகள், மஞ்சள் பூசணி, மிசோ. நெல்வயலுக்கு இடமில்லாத மலைநாட்டுச் சாப்பாடு. அதே பட்டைகளை இனிப்புப் பயற்றுக் கஞ்சியில் போட்டால் அசுகிபோத்தோ. ஒரே மாவு, இரண்டு பானை.

ஜனவரி 11

ஹோத்தோவை உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அடிக்க வரும் ஆட்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். உதோனை உப்புப் போட்டுப் பிசைந்து தனியாக வேகவைப்பார்கள். ஹோத்தோவில் உப்பு கிடையாது. பச்சையாகவே சூப்பில் போடுவதால் மாவு கரைந்து குழம்பு கெட்டியாகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அவர்களிடம் “அவ்வளவுதான்” என்று சொல்லிப் பாருங்கள்.

பிப்ரவரி 8

தொச்சிகியிலிருந்து வந்த சக ஊழியர் ஒரு டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஷிமொட்சுகரே.

திறந்தேன். யாரோ ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வெளியே அனுப்பியது மாதிரி இருந்தது. மிகைப்படுத்தவில்லை, தொச்சிகிக்காரர்களே சொல்லிச் சிரிக்கிற உவமை அது. புத்தாண்டுக்கு வாங்கிய உப்புச் சால்மன் மீனின் மிஞ்சிய தலை, பிப்ரவரி 3 வாக்கில் பேய் விரட்டத் தூவியதில் மிஞ்சிய வறுத்த சோயா, சாக்கே என்கிற அரிசி மது வடித்த சக்கை. இவற்றோடு முள்ளங்கியையும் கேரட்டையும் மூங்கில் பல் வைத்த பெரிய துருவியில் கொரகொரவென்று துருவிப் போட்டு, தலை எலும்பு கரையும்வரை கொதிக்கவைப்பது. துருவியின் பெயர் ஒனிஒரோஷி, பேய்த்துருவி. பிப்ரவரியில் முதல் குதிரை நாளில் செய்து இனாரி கோயிலுக்கும் படைக்கிறார்கள். ஏழு வீட்டு ஷிமொட்சுகரே தின்றால் நோய் அண்டாது என்று சொல்வார்கள்.

எனக்கு ஒரு வீட்டுடையதே போதுமாக இருந்தது. புளிப்பு, மீன், கள்வாடை. இரண்டாவது வாய் வைக்கவில்லை. நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன்.

பிப்ரவரி 9

பொய் சொன்னதற்குப் பலன்: இன்னொரு டப்பா.

மார்ச் 20

இன்றைக்குச் சமஇரவு நாள். முன்னோர் சமாதிக்குப் போகிற வாரம். கடைக்குக் கடை போத்தமோச்சி. வேகவைத்த அரிசி உருண்டை உள்ளே, பயற்றுப் பூரணம் வெளியே. இதே பண்டம் செப்டம்பரில் ஒஹாகி. வசந்தத்தில் போத்தன் பூவின் பெயர், இலையுதிர் காலத்தில் ஹாகி செடியின் பெயர். ஒரே பலகாரத்துக்கு ஆறு மாதத்துக்கொரு பெயர் வைக்கிற ஊரில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொன்னால் எப்படி?

இதைப் பற்றி அந்த அம்மா சொன்ன ஒன்று. அரிசியைப் பாதி இடித்தால் ஹன்கொரோஷி, முழுக்க இடித்தால் மினகொரோஷி. அர்த்தம் பாதிக் கொலை, மொத்தக் கொலை. வழிப்போக்கன் ஒருவன் ஒரு வீட்டில் ராத்தங்குகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் கிழவனும் கிழவியும், “விருந்தாளிக்கு என்ன, பாதிக் கொலையா மொத்தக் கொலையா?” என்று பேசிக்கொள்கிறார்கள். அவன் விடிய விடியத் தூங்கவில்லை. காலையில் தட்டில் போத்தமோச்சி வருகிறது. நாட்டுப்புறக் கதைதான், ஆனாலும் இவர் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது எனக்கும் ஒரு நொடி வயிற்றைக் கலக்கியது.

பூரணம் என்றதும் இன்னொன்று. ஒரு வருடம் சதுர்த்திக்குக் கடலைப்பருப்புப் பூரணம் வைத்துக் கொழுக்கட்டை செய்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். இவர்களுக்குப் பயறும் அரிசிமாவும் பழக்கம்தானே, ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று கணக்கு. நாலு பேர் எடுத்தார்கள். எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: “கறி?” ஏலக்காய் வாசனை அவர்களுக்கு மசாலாவைத்தான் நினைவூட்டுகிறது. மீதிப் பதினாறையும் நானே தின்றேன்.

மார்ச் 21

“ஏலக்காய் போடாமல் செய்திருக்கலாமே” என்பவருக்கு: செய்திருக்கலாம். அப்புறம் அது போத்தமோச்சியாகிவிடும்.

ஏப்ரல் 2

சகுரமோச்சி விஷயத்தில் நான் பல வருடம் தவறாகப் பேசிக்கொண்டு திரிந்தவன். மேற்கு ஜப்பான் வகை: ஊறவைத்து ஆவியில் வேகவைத்து உலர்த்தி உடைத்த பசையரிசி நொய், தோம்யோஜி. அதை மறுபடி வேகவைத்து உருண்டை பிடித்து, உள்ளே பூரணம் வைத்து, உப்பில் ஊறிய செர்ரி இலையைச் சுற்றுவார்கள். ரவையுருண்டை மாதிரி மணிமணியாகத் தெரியும். டோக்கியோ வகையில் இளஞ்சிவப்பாக மெல்லிய கோதுமைமாவு தோசை, உள்ளே பூரணம், மேலே அதே இலை. டோக்கியோ வகை ஏதோ பிற்காலக் குறுக்குவழி என்றே சொல்லிவந்தேன். பிறகுதான் தெரிந்தது: சுமிதா ஆற்றங்கரையில் சோமெய்ஜி கோயில் வாசலில் காவலாளியாக இருந்தவர், கரையில் உதிர்ந்த செர்ரி இலைகளைப் பெருக்கிப் பெருக்கி அலுத்து, உப்பில் போட்டு, 1717இல் விற்க ஆரம்பித்தாராம். முந்நூறு வருடக் குறுக்குவழி.

இலையைத் தின்பதா, உரிப்பதா? தின்னுங்கள். அந்த உப்புக்காகத்தான் இனிப்பே. மனைவி உரித்து என் தட்டில் போடுகிறாள், இரட்டை லாபம்.

மே 5

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ‘உறையில் மட்டும்தான் ஊர்’ என்று கிண்டலாகக் கேட்டீர்கள். இன்று ஆண்பிள்ளைகள் நாள், கஷிவமோச்சி தின்கிற நாள். கஷிவ என்பது ஒரு கருவாலி மரம். புதுத் தளிர் வரும்வரை பழைய இலை உதிராது. குலம் அறாமல் இருக்கும் என்று அந்த இலையில் வைத்துத் தருகிறார்கள். இந்த இலையைத் தின்ன முடியாது. தோல் செருப்பைக் கடித்த மாதிரி இருக்கும், சோதித்துவிட்டேன். டோக்கியோ பக்கம் எல்லாம் இதுதான்.

மேற்கே போனால் கஷிவ மரம் அவ்வளவாக இல்லை. அதனால் புதரில் படரும் முள்கொடி ஒன்றின் வட்ட இலை, சருத்தொரி இபாரா. பண்டத்தின் பெயர் பல இடங்களில் அதே கஷிவமோச்சிதான். கஷிவ இலையே இல்லாத கஷிவமோச்சி! நீகாத்தாவில் மாசிபத்திரி கலந்த பச்சை மாவை மூங்கிற்புல் இலையில் பொதிந்து நாரால் இறுக்கிக் கட்டிய சசதாங்கோ. கயிற்றைப் பிரித்து இலையை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தால் மாவில் இலையின் வரிகள் பதிந்திருக்கும். இதெல்லாம் உறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த உறை வேலியோரத்தில் என்ன முளைத்தது என்று சொல்கிறது. எங்கள் பக்கம் பூவரசம் இலையில் வைத்த கொழுக்கட்டைக்கும் பனையோலையில் வைத்ததற்கும் ஒரே மாவுதான். தென்மாவட்டத்தில் போய் இரண்டும் ஒன்று என்று யாராவது சொல்வார்களா?

நிலையத்தில் நீங்கள் வாங்கியது அட்டைப்பெட்டி. அட்டை எல்லா ஊரிலும் முளைக்கும்.

மே 6

நேற்று எழுதியதில் கொஞ்சம் ஆவேசம் கூடிவிட்டது. அட்டைப்பெட்டியிலும் நல்லது உண்டு.

இலை வரிசையில் முக்கியமானதை மறந்தேன், ககோஷிமாவின் அகுமக்கி. இதுவும் மே 5க்குத்தான். பசையரிசியைச் சாம்பலில் வடித்த காரநீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மூங்கில் முளையின் மட்டையில் கட்டி, அதே சாம்பல்நீரில் மணிக்கணக்காக வேகவைப்பது. அங்கிருந்து வந்த ஒரு நண்பர் வீட்டில் பிரித்தார்கள். கத்தி இல்லை. மட்டையிலிருந்தே கிழித்த நாரை அதன் இடுப்பில் சுற்றி இழுத்தார்கள், துண்டு விழுந்தது. அரிசி என்றே தெரியவில்லை. தேன்நிறத்தில் கண்ணாடி மாதிரி, தொட்டால் அதிர்கிறது. வாசனை, அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்த நாள். தனியாகத் தின்றால் லேசாக நாக்கைப் பிடிக்கும். சோயாப் பொடியும் சர்க்கரையும் புரட்டினால் நிறுத்த முடியாது. சாம்பல்நீர் இருப்பதால் கெடாது, போருக்குக் கட்டிக்கொண்டு போனார்கள் என்பார்கள். பூரணமே இல்லாத இனிப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 30

கியோட்டோவில் இன்று மினாசுக்கி. வெள்ளை மாவுக்களியை முக்கோணமாக வெட்டி, மேலே முழுப் பயறு பதித்தது. முக்கோணம் பனிக்கட்டியாம். அரண்மனையில் நிலவறைப் பனிக்கட்டி வைத்துத் தின்பார்கள், ஊருக்கு அது ஏது? மாவில் ஒரு பனிக்கட்டி செய்து தின்றார்கள். சிவப்புப் பயறு பீடையை விரட்டும். பாதி வருடம் போய்விட்டது, மீதிப் பாதி நன்றாக இருக்கட்டும் என்று ஒரு வாய்.

அந்தக் களி உய்ரோ. நகோயாவிலும் இதுதான் பேர்போனது. அரிசிமாவும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. யமகுச்சி ஊர் உய்ரோவில் அரிசிமாவுக்குப் பதில் வராபி என்கிற பெரணிக் கிழங்கின் மாவு. வழவழவென்று வாயில் நிற்காமல் போகும். எங்கள் ஊர் உய்ரோ பல்லில் நின்று பேசும். யமகுச்சியுடையதுதான் மேல் என்று இங்கே நகோயாவில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன், யாரும் மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

ஜூலை 12

“சர்க்கரையே வெளியிலிருந்து வந்ததுதானே, அப்புறம் என்ன பாரம்பரியம்” என்று ஒருவர். நியாயமான குத்து. 1569இல் லூயிஸ் ஃப்ரோயிஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார், அன்றைய பெரும் படைத்தலைவர் ஓதா நொபுனகாவுக்குக் கண்ணாடிக் குப்பியில் கொம்பெய்த்தோ மிட்டாய் கொடுத்தார். கஸ்தெரா கேக்கும் அந்த வழியில் வந்ததுதான். பிறகு டச்சுக் கப்பல்களின் சர்க்கரை நாகசாகியில் இறங்கி, கியூஷூவைக் குறுக்காகக் கடந்த பெருவழியில் போனது. வழியிலுள்ள ஊர்களெல்லாம் இனிப்பு ஊர்கள் ஆயின. ஃபுக்குவோக்காவில் கெய்ரன்சோமென் என்று ஒன்று: காய்ச்சிய பாகில் முட்டை மஞ்சட்கருவை நூலாக ஊற்றி எடுப்பது. பார்த்தால் சேமியா.

அந்தப் பக்கம் பண்டத்தில் இனிப்புக் குறைந்தால் “நாகசாகி தூரம்” என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல். இப்போது வீட்டில் காப்பி சப்பென்று இருந்தால் நாங்களும் அதையே சொல்கிறோம்.

ஜூலை 13

சர்க்கரைக்கு மறுபக்கம், கொம்பு. ஹொக்கைதோவின் குளிர்கடலில் விளைவது. ஒகினாவா கடலில் விளைவதில்லை. ஆனால் ஒகினாவாக்காரர்கள் கொம்பை நறுக்கிப் பன்றியிறைச்சியோடு வதக்கி அன்றாடம் சாப்பிடுகிறார்கள். ஜனவரியில் சொன்ன கித்தமாஎபுனே சரக்குக் கப்பல் வியாபாரத்தின் வால் அவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது.

செப்டம்பர் 15

இரண்டு மாதம் காணோம், வேலை. யமகத்தா போய் வந்தேன்.

இமோனி. ஆற்றங்கரையில் கல்லடுக்கி விறகடுப்பு மூட்டி, சேப்பங்கிழங்கு, கொன்யாக்கு (ஒரு கிழங்குமாவில் செய்த ஜெல்லிக் கட்டி), வெங்காயத்தாள், மாட்டிறைச்சி, சோயா. சேப்பங்கிழங்கேதான், நம்முடையதே. ஜப்பானில் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஊரே அதற்காகத் திருவிழா எடுப்பதைப் பார்த்தேன். 1989இலிருந்து நடக்கிறது. இப்போதைய பானையின் விட்டம் 6.5 மீட்டர். கிளற மண் அள்ளும் இயந்திரம். அதற்கென்றே ஒதுக்கிய புது இயந்திரம், மசகுக்குப் பதில் உணவு எண்ணெய்.

பக்கத்து மாநிலம் மியாகியில் அதே இமோனிக்குப் பன்றியிறைச்சியும் மிசோவும். யமகத்தாக்காரர் அதைப் “பன்றிச்சூப்” என்பார், மியாகிக்காரர் இதைச் “சுக்கியாகி” (மாட்டிறைச்சியும் சோயாவும் போட்ட பானைச் சமையல்) என்பார். யமகத்தாவிலேயே கடலோரத்தில் மிசோதான் என்பதை மட்டும் இருவரிடமும் சொல்லக்கூடாது.

நான் இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் கிழங்கை மட்டும் தின்றேன். வழவழப்புக் குறையாமல், உள்ளே மாவாக. அம்மா வைக்கும் புளிக்குழம்பில் இருக்கும் அதே வழுக்கல்.

அக்டோபர் 6

மே மாதம் நான் போட்ட இலைத் தத்துவத்துக்கு நானே ஓட்டை போடுகிறேன். கீஃபு மலைப்பக்கம் நகட்சுகவா. இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. குரிகின்தோன்: கஷ்கொட்டை, சர்க்கரை. மூன்றாவது பொருள் கிடையாது. பயறும் இல்லை, மாவும் இல்லை, இலையும் இல்லை. வேகவைத்த கஷ்கொட்டையைச் சுரண்டி எடுத்து, பாதி மையாகவும் பாதி நொறுங்கலாகவும் மசித்துச் சர்க்கரையோடு கிளறுவார்கள். பிறகு ஈரத்துணியில் ஒரு பிடி வைத்து முறுக்குவார்கள். துணியைப் பிரித்தால் மேலே முறுக்கின் சுருக்கம் அப்படியே நிற்கும். கையில் எடுத்தால் லேசாக விரிசல் விடும். வாயில் வைத்தால் நாக்கின் ஈரத்தை எல்லாம் குடித்துவிட்டு அப்புறம்தான் இனிக்கும். பருவம் முடிந்தால் கடையில் கிடையாது.

ஒன்பது பெட்டி வாங்கியவரே, அக்டோபரில் வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அக்டோபர் 7

திருத்தம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். புத்தாண்டுப் பெட்டியில் மஞ்சளாகப் பசைபோல வரும் குரிகின்தோன் வேறு. அது சர்க்கரைவள்ளிக்கிழங்கு மசியலில் பாகு கஷ்கொட்டையைப் புதைத்தது, நிறத்துக்குக் குச்சினாஷிக் காய். பெயர் மட்டும் ஒன்று. ஆக, ஒரே பண்டத்துக்கு இரண்டு பெயர் மார்ச்சில், இரண்டு பண்டத்துக்கு ஒரே பெயர் அக்டோபரில். குழப்புவது நான் இல்லை.

நவம்பர் 16

அகித்தா. கிராமத்து விடுதி ஒன்றில் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தோம்: மனைவிக்கு இறைச்சி, மீன் வேண்டாம். சரி என்றார்கள். கிரித்தாம்போ வந்தது: சோற்றைப் பாதி இடித்துத் தேவதாருக் குச்சியில் குழாயாகப் பிடித்து, சுட்டு, வெட்டி, காளானும் கோபோ வேரும் சேரிக்கீரையும் போட்டுக் கொதிக்கவைத்த பானை. அவள் கிண்ணத்தில் ஒரு துண்டு இறைச்சிகூட இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு “இது என்ன சாறு?” என்றாள். பரிமாறியவர் பெருமையாகச் சொன்னார்: “எங்கள் ஊர் ஹினாய் கோழி, காலையிலிருந்து கொதித்தது. துண்டுகளை மட்டும் கவனமாக எடுத்துவிட்டோம்.”

அவர் மேல் தப்பே இல்லை. இறைச்சி என்றால் துண்டு. சாறு தண்ணீர். இங்கே இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் பொது. மீன்சாறுக்கும் இதேதான். தப்பாமல் சாப்பிட வேண்டுமென்றால் கோயாசான் மாதிரி புத்த மடங்களின் ஷோஜின் என்கிற சைவச் சமையல்தான் வழி. எள்ளையும் குட்சு என்கிற கொடிக்கிழங்கு மாவையும் கிண்டிய எள் தோஃபு அங்கே அவளுக்கு மூன்று வேளையும் கிடைத்தது. அன்று அகித்தாவில் அவள் சோறும் இபுரிகாக்கோவும் மட்டும் சாப்பிட்டாள். முள்ளங்கியைப் புகையில் தொங்கவிட்டு, பிறகு தவிட்டில் போட்ட ஊறுகாய். கடிக்கும்போது விறகடுப்பு வாசனை.

அந்த முள்ளங்கி ஊறுகாய்க்கு ஒரு வருத்தமும் உண்டு. ஊறுகாய் விற்க உரிமம் வேண்டும் என்று 2021இல் சட்டம் அமலானது, 2024 மே மாதத்தோடு அவகாசம் முடிந்தது. வீட்டு அடுக்களையில் போட்டுச் சந்தையில் விற்ற பாட்டிகள், தனி அறை, தனித் தொட்டி கட்ட முடியாமல் பலர் நிறுத்திவிட்டார்கள். சுத்தம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் எழுபத்தெட்டு வயதில் யார் அறை கட்டுவார்கள்?

நவம்பர் 18

பட்டியல் கேட்பவர்களுக்கு: 2007இல் இவர்களுடைய விவசாய அமைச்சகம் ‘ஊர்ச் சமையல் நூறு’ என்று தேர்ந்தெடுத்தது. எண்ணினால் 99தான் இருக்கும். நூறாவதை அவரவர் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அரசாங்கத்துக் கோப்பு ஒன்றில் இப்படி ஒரு இடைவெளியை நான் இதுவரை பார்த்ததில்லை.

உங்கள் நூறாவது என்ன என்று கேட்காதீர்கள். பிப்ரவரியில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஷிமொட்சுகரேயின் மூன்றாவது டப்பா ஃப்ரீசரில் இருக்கிறது, போன வாரம் ஒரு ஸ்பூன் எடுத்து ஆறிய சோற்றில் போட்டுப் பார்த்தேன். மோசமில்லை. மறுபடியும் சொல்கிறேன், மோசமில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 1

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் போன வருடம் தவறிவிட்டார். அந்த அம்மா அக்டோபரில் மகளோடு ககாவாவின் தக்கமட்சு போய்விட்டார். அதனால் இந்த வருடம் ஜோனி நானே வைத்தேன். வெள்ளை மிசோ கிடைத்தது, சிவப்பு மிசோ ராஜ்யமான இந்த ஊரில் மூன்று கடை ஏறி இறங்கி. பூரணம் வைத்த மோச்சி கிடைக்கவில்லை. ரயில் நிலையத்தில் பெட்டியில் விற்கிற தாய்ஃபுக்கு (பூரணம் வைத்த இனிப்பு மோச்சி) உருண்டை பார்க்க அச்சு அசல் அதுதான், வாங்கிப் போட்டேன்.

கரைந்துவிட்டது. மிருதுவாக இருக்கட்டும் என்று அந்த மாவிலேயே சர்க்கரை சேர்த்திருப்பார்களாம். சூடு பட்டதும் நெகிழ்ந்து, தோல் ஒரு பக்கம், பூரணம் ஒரு பக்கம், சூப் முழுக்கச் சாக்கலேட் நிறம். தக்கமட்சுவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன். ஒரு நிமிடம் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “மாவில் சர்க்கரை இல்லாததாகப் பார்த்து வாங்கு. மோச்சியைத் தனித் தண்ணீரில் மெதுவாக வேகவை, மிசோவைக் கொதிக்கவிடாதே. நாளைக்குப் பார்சல் அனுப்புகிறேன்” என்றார்.

மனைவி அந்தச் சாக்கலேட் சூப்பை இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

ஜனவரி 3

பார்சல் வந்தது. பத்து உருண்டை, நெத்திலி ஒரு பை, தனியாகச் சுற்றி ‘மனைவிக்கு’ என்று எழுதிய கொம்பு ஒரு துண்டு.

கேள்வி கேட்டவருக்கு, “எங்கே கிடைக்கும்” என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள்: டிசம்பர் கடைசி வாரம் தக்கமட்சுவில் எந்தச் சாதாரண மோச்சிக் கடையிலும் கேளுங்கள், அன்மோச்சி என்று. பெட்டி தரமாட்டார்கள், பிளாஸ்டிக் பையில்தான் போடுவார்கள்.